குத்தும் பனை

ஜெர்மன் மொழியில் ஹாலிச் செடியின் பெயர் 'ஷ்டெஹ்பால்மெ'. பிரித்துப் பொருள் சொன்னால் 'குத்துகிற பனை'. ஹாலியை நம்மில் பெரும்பாலானோர் பார்த்திருப்பது கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில்தான்: பளபளக்கும் கரும்பச்சை இலை, விளிம்பு முழுக்க முள், நடுவில் கொத்தாக நாலு சிவப்புப் பழம். டிசம்பர் மாதக் கடைகளில் பிளாஸ்டிக்கிலும் தொங்கும். இந்தப் புதருக்கும் பனைக் குடும்பத்துக்கும் தாவரவியல்படி ஒட்டுமில்லை, உறவுமில்லை. அப்புறம் எப்படி அது பனை ஆனது?

காரணம் குருத்தோலை ஞாயிறு. ஏசு எருசலேமுக்குள் வந்தபோது மக்கள் ஓலை பிடித்து வரவேற்றார்கள் என்பது விவிலியச் செய்தி. அந்த நாளைக் கொண்டாட ஓலை வேண்டும். ஆனால் ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே பனையோ ஈச்சையோ ஏது? குளிரிலும் பச்சை மாறாத எது கிடைத்ததோ அதை வெட்டிக் கையில் பிடித்தார்கள். சில ஊர்களில் அது ஹாலி. பனைக்குப் பதிலாக நின்றதால் அதுவும் 'பனை' ஆயிற்று. கையைக் குத்தியதால் 'குத்தும் பனை' ஆயிற்று. நம்மூர்த் தேவாலயங்களுக்கு இந்தச் சிரமம் கிடையாது. நிஜக் குருத்தோலையையே கிழித்துச் சிலுவை பின்னிக்கொள்ளலாம்.

இந்தப் பெயர்க் கதைக்குள் நான் நுழைந்தது ஒரு தோட்டக் கேள்வியால். ஜெர்மனியில் வேலை பார்த்துத் திரும்பிய பழைய சகா ஒருவர், இரும்பை பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருக்கிறார். வேலியோரம் என்ன நடலாம் என்று தேடும்போது, பனை இனத்தையும் ஹாலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் வெளிநாட்டுத் தோட்டக் குறிப்புகள் அவர் கண்ணில் பட்டிருக்கின்றன. "ரெண்டும் எப்பவும் பச்சை, ரெண்டும் ரொம்ப நாள் இருக்கும். நம்ம ஊருக்கு எது?" என்று கேட்டார். பனை என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் வெயில் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, எப்போது நடவு என்று ஒரு செடிக்கு எழுதப்படும் பராமரிப்புக் குறிப்பு அந்தரத்தில் பிறப்பதில்லை. அந்தச் செடி எந்த ஊரில், எந்த மண்ணில், யாருடைய கையில் வாழ்ந்ததோ அந்த வரலாற்றின் சுருக்கம்தான் அது. அதனால் இரண்டின் வரலாற்றையும் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம்.

ஊரும் மண்ணும்

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில், திருச்சிற்றம்பலம் கூட்டுச்சாலை அருகே உள்ளே திரும்பினால் இரும்பை. ஞானசம்பந்தர் தேவாரம் பாடிய 'இரும்பை மாகாளம்' இதுதான். விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். இங்கே கடுவெளிச் சித்தர் கதை தெரியாதவர்கள் கிடையாது. கோயிலில் நடனமாடிய பெண்ணின் காலிலிருந்து கழன்ற சிலம்பைச் சித்தர் எடுத்து மாட்டிவிட, ஊர் அவரை ஏளனம் செய்தது. அவர் மனம் நொந்து பாட, லிங்கம் மூன்றாக வெடித்தது. இந்த நிலம் வறண்டு போகட்டும் என்று சாபமும் விழுந்தது. கதை இப்படிப் போகும். வெடித்த லிங்கத்தைச் செப்புத் தகட்டால் இணைத்து வைத்திருக்கிறார்கள்.

சாபத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். வறட்சி மட்டும் உண்மை. 1968 பிப்ரவரி 28 அன்று பக்கத்தில் ஆரோவில் தொடங்கப்பட்டபோது, அந்த மேட்டு நிலம் மழைநீர் அரித்துப் போட்ட செம்மண் பள்ளங்களாகத்தான் கிடந்தது. காடு பல தலைமுறைகளாக வெட்டப்பட்டு, மேய்க்கப்பட்டு, மேல்மண் கடலுக்குப் போய்விட்டிருந்தது. முதலில் வந்தவர்களின் நினைவுக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் காட்சி ஒன்று உண்டு: வெட்டவெளி, ஓர் ஆலமரம், அங்கங்கே பனைகள். அதாவது எல்லாம் போன பிறகும் நின்றது பனை. பிறகு அவர்கள் வரப்பு கட்டி, மழைநீரை நிறுத்தி, முதலில் வேகமாக வளரும் ஆஸ்திரேலிய அக்கேசியாவை நட்டு, அதன் நிழலில் இந்தக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டு மரங்களை மீட்டது தனிக் கதை. அந்தப் பழைய காடு எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்.

இரும்பையிலிருந்து வடக்கே போகப் போக நிலம் தாழ்ந்து கழுவேலிக்குள் இறங்கும். ஏரிகளின் உபரி நீரெல்லாம் வந்து சேரும் பெரிய தாழ்நிலம் அது. மரக்காணத்துக்கு அருகே கழிமுகமாகிக் கடலைத் தொடும். 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேருக்கு மேல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதையடுத்து உப்பளங்கள். பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். ஆக, முப்பது கிலோமீட்டர் தூரத்துக்குள் செம்மண் மேடு, நன்னீர், உவர்நீர், உப்பு என்று நாலு விதமான நிலம். எந்தச் செடி என்ற கேள்விக்கு முன்னால் எந்த நிலம் என்று கேட்க வேண்டிய ஊர் இது.

ஒரு புத்தகம், இரண்டு பெயர்கள்

ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட 'ஸ்பீசீஸ் பிளாண்டாரம்' நூலில்தான் இன்றைய தாவரப் பெயரிடும் முறை தொடங்குகிறது. நம் பனை அதில் 'பொராசஸ் ஃபிளாபெல்லிஃபர்' ஆகியது. விசிறி தாங்கி என்று பொருள் வரும். ஐரோப்பிய ஹாலி அதே புத்தகத்தில் 'ஐலெக்ஸ் அக்விஃபோலியம்' ஆகியது. லின்னேயஸ் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. பனையைப் பற்றி அவர் நம்பிய முக்கிய ஆதாரங்களில் ஒன்று, கொச்சியில் டச்சுத் தளபதியாக இருந்த வான் ரீட் தொகுத்த 'ஹோர்டஸ் மலபாரிகஸ்'. 1678 முதல் ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்த நூல். இட்டி அச்சுதன் போன்ற உள்ளூர் வைத்தியர்களின் அறிவுதான் அதன் முதுகெலும்பு. அதன் முதல் தொகுதியில் பனைக்கு இரண்டு தனிப் படங்கள், இரண்டு தனிப் பெயர்கள்: 'கரிம்பனை', 'ஆம்பனை'. பெண் மரம் ஒன்று, ஆண் மரம் ஒன்று. நம்மூரில் பருவப்பனை, அலகுப்பனை என்று சொல்வது போல.

இங்கேதான் ஹாலிக்கும் பனைக்கும் நிஜமான ஓர் ஒற்றுமை கிடைக்கிறது. ஹாலியிலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியில்தான் சிவப்புப் பழம்; அதுவும் பக்கத்தில் ஆண் செடி இருந்தால்தான். இங்கிலாந்துத் தோட்டக்காரர்களிடையே இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'கோல்டன் கிங்' என்ற புகழ்பெற்ற ஹாலி ரகம் பெண். 'சில்வர் குயின்' என்ற ரகம் ஆண். ராஜாவிடம் பழம் இருக்கும், ராணியிடம் இருக்காது. மாறி வாங்கிப் போனவர்கள் எத்தனை பேரோ! நாற்றங்காலில் ஹாலியைக் கிளை வெட்டி வளர்ப்பதால் எது ஆண், எது பெண் என்று முன்கூட்டியே தெரியும், பெயர்ப்பலகை குழப்பினாலும். பனையில் அந்த வசதியும் இல்லை. கொட்டையிலிருந்துதான் வளர்க்க வேண்டும். பாளை விடுகிற வரைக்கும் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குப் பன்னிரண்டு முதல் இருபது வருஷம் ஆகும்.

லின்னேயஸ் புத்தகத்தில் இன்னொரு செடி இருக்கிறது. நம் கதைக்கு அதுதான் முக்கியம். அலையாத்திக் காட்டின் ஓரத்தில், சேற்றில் கொத்துக் கொத்தாக நிற்கும் முள் இலைப் புதர். நீலமும் ஊதாவும் கலந்த பூ. தமிழில் கழிமுள்ளி, கழுதைமுள்ளி. வான் ரீட் நூலின் இரண்டாம் தொகுதியில் 'பைனச்சுள்ளி'. லின்னேயஸ் இதற்கு வைத்த பெயர் 'அகாந்தஸ் இலிசிஃபோலியஸ்': ஐலெக்ஸ் போன்ற இலை உடையது. ஆங்கிலத்தில் ஹாலி அலையாத்தி என்றே சொல்கிறார்கள்.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இந்த வகைச் சிக்கல் பழக்கம்தான். ஒரே பெயரை ரெண்டு மூணு இடத்தில் பயன்படுத்தினால் எது எதைக் குறிக்கிறது என்று தேடிக்கொண்டே இருக்க வேண்டும். ரோமானியர்களுக்கு 'ஐலெக்ஸ்' என்றால் முள் இலை கொண்ட ஒருவகை ஓக் மரம். ஹாலிக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் அக்விஃபோலியம். லின்னேயஸ் ஓக்கின் பழைய பெயரை எடுத்து ஹாலிப் பேரினத்துக்கு வைத்தார். அந்தப் பெயரின் நிழல் மலபார்ச் சேற்றில் நின்ற கழிமுள்ளி மீதும் விழுந்தது. பனை மட்டும் தப்பித்ததா என்றால் இல்லை. ஆங்கிலப் 'பால்மைரா' என்பது போர்த்துகீசிய 'பால்மெய்ரா'விலிருந்து வந்தது. அந்த மொழியில் அது பனை இன மரம் எதற்கும் பொதுச் சொல். சிரியாவின் பழைய நகரத்துக்கும் நம் மரத்துக்கும் சம்பந்தமில்லை. எழுத்து மட்டும் அந்த நகரத்தின் சாயலுக்கு மாறிவிட்டது.

நம்மவர்களிடமும் பெயர்க் குழப்பம் இல்லாமல் இல்லை. சங்க நெய்தல் பாடல்களில் வரும் 'முண்டகம்' கழிமுள்ளிதான் என்று கொள்வோர் உண்டு. அகராதியைத் திறந்தால் முண்டகத்துக்குத் தாமரை, தாழை என்றும் பொருள் இருக்கும். பனைக்கோ பெண்ணை, போந்தை, தாலம் என்று பல பெயர்கள்; ஆனால் எல்லாம் ஒரே மரம்.

தமிழ்நாட்டில் நிஜ ஹாலி இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் இரும்பையில் இல்லை. நீலகிரி, பழனி மலைகளின் சோலைக்காடுகளில் ஐலெக்ஸ் பேரினத்தைச் சேர்ந்த மரங்கள் வளர்கின்றன. அவற்றில் 'ஐலெக்ஸ் டெண்டிகுலேட்டா', 'ஐலெக்ஸ் வைட்டியானா' இரண்டும் முக்கியமானவை. இரண்டாவது, சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ராபர்ட் வைட்டின் பெயரைத் தாங்கியது. ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்களின் கைவண்ணத்தில் ஆயிரக்கணக்கான தென்னிந்தியத் தாவரப் படங்களை வெளியிட்டவர் வைட். நம் சோலை ஹாலிகளுக்கு வாழ்த்து அட்டையில் உள்ளது போன்ற கொடிய முள் கிடையாது. வைட்டியானாவின் இலை விளிம்பு வழவழப்பானது. ஆனால் பழம் சிவப்பு, ஆண் பெண் தனித்தனி. குடும்பக் குணம் போகவில்லை.

முள் ஏன் இல்லை என்பதற்கு ஐரோப்பிய ஹாலியிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. விலங்குகள் கடிக்கும் உயரத்தில் உள்ள கிளைகளில்தான் முள் அதிகம். உயரமான கிளைகளில் அதே மரத்தின் இலை வழவழப்பாக இருக்கும். முள் என்பது அந்தச் செடியின் காவல் செலவு. தேவை இல்லாத இடத்தில் செலவழிக்காது. நம் பனையும் அப்படித்தான். வடலியாகக் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கும்போது மட்டை ஓரத்துக் கருக்கு ரம்பம் மாதிரி அறுக்கும். மடலேறுதல் என்று இலக்கியம் சொல்வது இந்தக் கருக்கு மட்டையில் செய்த குதிரைமேல் ஏறுவதைத்தான். காதல் எவ்வளவு வலி என்று காட்ட அதைவிடப் பொருத்தமான வாகனம் கிடைத்திருக்காது.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

சரி, தோட்டக் கேள்விக்கு வருவோம்.

ஐரோப்பிய ஹாலிக்குக் குளிர் வேண்டும். நீர் தேங்காத, சற்றே புளிப்பான மண் வேண்டும். விதை முளைக்க இரண்டு வருஷம், சில சமயம் அதற்கு மேலும் மண்ணுக்குள் தூங்கும். மெதுவாக வளரும். வேர் பிடித்த பிறகு இடம் மாற்றினால் கோபித்துக்கொள்ளும். ஆனால் கத்தரிப்பதைத் தாங்கும். வெட்ட வெட்ட அடர்ந்து சுவர் போல ஆகும். அதனால்தான் அது வேலிச் செடி ஆனது. ஜான் ஈவ்லின் 1664-இல் வெளியிட்ட 'சில்வா' நூல் இங்கிலாந்தில் மரம் வளர்ப்பின் பழைய பாடப்புத்தகம். லண்டன் அருகே தன் தோட்டத்தில் ஒன்பதடி உயரம், ஐந்தடி அகலத்துக்கு வளர்த்த ஹாலி வேலியைப் பற்றி அவருக்கு ஏகப்பட்ட பெருமை. 1698-இல் அந்த வீட்டில் தங்கிய ரஷ்யப் பேரரசர் முதலாம் பீட்டர், தள்ளுவண்டியில் உட்கார்ந்து அந்த வேலிக்குள் பாய்ந்து பாய்ந்து விளையாடினார் என்று ஒரு கதை உலவுகிறது. ஹாலியின் முள் அவரையும் விட்டிருக்காது.

பனைக்கு எல்லாமே எதிர்ப்பக்கம். வெயில் வேண்டும், வறட்சி பொறுக்கும், செம்மண், மணல், உவர்க்காற்று எதுவானாலும் சரி. கொட்டை சில வாரங்களிலேயே வேலையைத் தொடங்கிவிடும். ஆனால் மேலே அல்ல, கீழே. கொட்டையிலிருந்து ஒரு தண்டு மண்ணுக்குள் ஆழமாக இறங்கி, அதன் நுனியில்தான் செடி உருவாகும். நாம் பொங்கலுக்கு அவித்துத் தின்னும் பனங்கிழங்கு அந்த நிலைதான். அப்படி ஆழத்தில் உட்கார்ந்து தொடங்குவதால் மேலே ஆடு மேய்ந்தாலும், தீ ஓடினாலும், மழை வராவிட்டாலும் அது பிழைக்கிறது. அதே காரணத்தால் பிடுங்கி நடுவது கஷ்டம். இடத்திலேயே விதைப்பதுதான் சுலபம். ஆடி, ஆவணியில் விழும் பழத்தின் கொட்டையை எடுத்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன், பத்தடி இடைவெளியில், கொட்டை மூடும் அளவு குழியில் போட்டு மண் தள்ளினால் போதும். முதல் சில வருஷங்கள் தரையில் நாலு ஓலைதான் தெரியும். "முளைச்சும் வளரலியே" என்று யாரும் பிடுங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பராமரிப்பு.

முக்கியமான வேறுபாடு வெட்டுவதில் இருக்கிறது. ஹாலியின் தலையை வெட்டினால் பக்கத்தில் பத்துக் கிளை வரும். பனைக்கு உயிர் ஒரே இடத்தில்: உச்சிக் குருத்தில். அது போனால் மரம் போயிற்று. குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டும், குருத்தழுகல் நோயும்தான் அதற்கு எமன். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோதாவரிப் பகுதியில் பனைகள் குருத்தழுகலால் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது, இந்தியத் தாவர நோயியலின் முன்னோடி பட்லர் அதை ஆராய்ந்தார். அவர் அடையாளம் கண்ட பூஞ்சை போன்ற கிருமி இன்று உலகம் முழுக்கத் தென்னை, கோகோ, ரப்பர் வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த எதிரி. பெயரிலேயே பனை இருக்கிறது: ஃபைட்டோஃப்தோரா பால்மிவோரா, அதாவது பனைதின்னி.

நம்மூர் 'ஹாலி'யான கழிமுள்ளிக்கு மூன்றாவது வழி. அதற்கு வேண்டியது அலை ஏறி இறங்கும் சேறு. உப்பு நீரைக் குடித்து, மிஞ்சிய உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வழியே வெளியே தள்ளும். வெயில் நேரத்தில் இலைமேல் உப்புப் பொடி படிந்திருப்பதைக் காணலாம். செடி நடத்தும் சின்ன உப்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காய் முற்றினால் பட்டென்று வெடித்து நாலு விதையைத் தூர எறியும். தண்டு சேற்றில் சாய்ந்த இடத்திலெல்லாம் வேர் விடும். நிழலில் வளர்ந்தால் இதன் இலையிலும் முள் குறையும். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் கால்வாய்க் கரையில் இதைத் தாராளமாகப் பார்க்கலாம். கரை மண்ணைப் பிடித்து வைப்பது அதன் வேலை. இதைப் பெயர்த்துக்கொண்டு வந்து இரும்பைச் செம்மண்ணில் வைப்பதில் அர்த்தமில்லை. கழியில் இருக்கவேண்டியது கழியில் இருக்கட்டும்.

ஆக, சகாவுக்குப் பதில் ஒரு வரி: மேட்டில் பனை, கழியில் முள்ளி, சோலையில் ஹாலி. இங்கிலாந்துத் தோட்டத்தில் பனை விருந்தாளி, ஹாலி சொந்தக்காரர். 1849-இல் ராபர்ட் ஃபார்ச்சூன் சீனாவிலிருந்து அனுப்பிய, பனியைத் தாங்கும் சீனப் பனை ரகம்தான் அங்கே பரவியது. அந்த ஒப்பீட்டைத் திருப்பிப் போட்டால்தான் நமக்குப் பொருந்தும்.

வேலி என்ற வேலை

அவருக்கு வேண்டியது வேலி அல்லவா? அதற்கும் இந்தியாவில் பெரிய பாடம் இருக்கிறது. அது உப்போடு சம்பந்தப்பட்டது என்பதால் மரக்காணத்துக்காரர்களுக்கு உறைக்கும். உப்பு வரி கட்டாத உப்பு உள்ளே வராமல் தடுக்க, வட இந்தியாவில் ஆங்கிலேயர் ஒரு சுங்கக் கோடு போட்டார்கள். 1869 வாக்கில் அது 2,300 மைல் நீளம். காவலுக்குச் சுமார் 12,000 பேர். அதில் நூற்றுக்கணக்கான மைலுக்கு உயிர்வேலி வளர்த்தார்கள். 1867 முதல் 1870 வரை அதற்குப் பொறுப்பாக இருந்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம். ஆம், 1885-இல் காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான அதே ஹ்யூம். வெட்டிப்போட்ட முள்ளைக் கொண்டு கட்டும் வேலி கரையானுக்கும் தீக்கும் போய்விடுகிறது என்று கண்டு, உயிருள்ள வேலிக்கு அவர் முக்கியத்துவம் கொடுத்தார். ஊருக்கு ஊர் மண்ணைப் பார்த்துச் செடியைத் தேர்ந்தார்கள்: இலந்தை, கருவேலம், களா, சப்பாத்திக்கள்ளி, கள்ளி. 1879-இல் அந்தக் கோட்டையே கைவிட்டார்கள். இன்று அது மண்ணோடு மண். இந்தக் கதையை ராய் மாக்ஸம் 2001-இல் புத்தகமாக எழுதிய பிறகுதான் பலருக்கும் தெரியவந்தது.

சென்னை மாகாணத்தில் அந்த வேலி கிடையாது. இங்கே 1805 முதலே உப்பு அரசின் ஏகபோகம். வரியை உப்பளத்திலேயே பிடித்துவிடலாம். ஆனால் அந்த வேலியில் ஒரு தோட்டக்காரப் பாடம் இருக்கிறது. பேரரசின் கையில் பணமும் ஆளும் இருந்தும், ஹாலியைக் கொண்டுவந்து நடவில்லை. மண் எதை ஏற்றதோ அதைத்தான் நட்டார்கள். நம் சகாவும் வேலிக்குக் களாவும் இலந்தையும் வைக்கலாம். பனை அடர்ந்த வேலி ஆகாது. அது எல்லை காட்டும் மரம். ஏரிக்கரையிலும் வரப்பிலும் அதை வரிசையாக நட்டவர்கள் அதற்காகத்தான் நட்டார்கள்.

நட்டால் போதுமா?

இந்தக் கேள்விதான் எனக்கு உறுத்துகிறது. பனையின் பயன்களை அடுக்கும் 'தாலவிலாசம்' என்ற தமிழ் நூல் 801 பயன்களைச் சொல்வதாக 19-ஆம் நூற்றாண்டு ஆங்கில நூல்கள் திரும்பத் திரும்ப எழுதின. நுங்கு, பதநீர், கருப்பட்டி, கிழங்கு, ஓலைப்பெட்டி, நார்க்கட்டில், உத்தரம் என்று எண்ணிக்கொண்டே போகலாம். மழைக்கு முன் உப்பளத்துக் குவியலை மூட ஓலைதான் வேய்ந்தார்கள். 1978-இல் அது தமிழ்நாட்டின் மாநில மரமும் ஆயிற்று. அப்படியும் செங்கல் சூளைகளுக்கு விறகாகப் போய்க்கொண்டிருந்தது.

ஏன்? மரம் மாறவில்லை. மரத்தைச் சுற்றியிருந்த கணக்கு மாறியது. பனையின் வருமானம் பாளையைச் சீவுவதில் இருக்கிறது. சீவுகிறவர் தினமும் காலையும் மாலையும் ஏறி இறங்க வேண்டும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாமல் விட்டால் கள். தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. இரும்பையிலிருந்து சில கிலோமீட்டரில் புதுச்சேரி எல்லை. அங்கே கள்ளுக்கடைகளை அரசே ஏலம் விடுகிறது. ஒரே மரம், ஒரே காற்று. எல்லைக்கு இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் வருவாய். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பல உயிர்களைக் கொண்டுபோனது. கள் பற்றி இந்தப் பக்கம் நடக்கும் எந்தப் பேச்சிலும் அந்தச் சாவுகளும் கூடவே வந்து நிற்கின்றன. தடை சரியா தவறா என்பதில் ஆளாளுக்கு ஒரு கருத்து இருக்கலாம். ஆனால் ஏறுகிறவரின் வருமானம் சுருங்கினால் அவர் மகன் ஏறமாட்டார் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது.

2021-இல் தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை மேம்பாட்டு இயக்கம் அறிவிக்கப்பட்டது. 30 மாவட்டங்களில் 76 லட்சம் பனை விதைகள் தருவதாகச் சொன்னார்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றும் சொன்னார்கள். நல்ல விஷயம். ஏரிக்கரைகளில் பள்ளிப் பிள்ளைகள் கொட்டை ஊன்றுவதைப் பார்க்கவும் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் கணக்குப் போடுங்கள். அன்று ஊன்றிய கொட்டை பாளை விட 2033 முதல் 2041 வரை ஆகும். அன்றைக்கு அந்த மரத்தில் யார் ஏறுவார்?

ஹாலிக்கு ஒரு கத்தரியும் ஒரு தோட்டக்காரரும் போதும். பனைக்கு ஒரு தொழில் வேண்டும். அது அழிந்துவிட்டால் மாநில மரம் என்ற பட்டம் மட்டும் மிஞ்சும். மரமே இல்லாத ஊரில் ஹாலியைப் பனை என்று கூப்பிட்டுச் சமாளித்த கதை நமக்கும் வரலாம். அதனால் வரப்பில் பத்துக் கொட்டை ஊன்றப் போகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். கூடவே இரண்டு வேலை செய்யுங்கள். உங்கள் பகுதியில் இன்னும் ஏறுகிறவரைத் தேடிப் பிடித்து, பதநீரையும் கருப்பட்டியையும் அவரிடமே, பேரம் பேசாமல் வாங்குங்கள். ஊன்றிய தேதியை எங்காவது எழுதி வையுங்கள். பாளை வரும் வருஷம் அதைப் படிக்கப் போவது உங்கள் பிள்ளைகளாகத்தான் இருக்கும்.